டிஷ்வாஷர் அடியில் தண்ணீர் தேங்குகிறது, டம்ளர் எல்லாம் வெள்ளை. போர்டு மாற்றச் சொல்கிறார்கள், உதவுங்கள்

மேடவாக்கம் (கேள்வி)

வணக்கம். நாங்கள் சென்னை மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறோம். டிஷ்வாஷர் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு முடக்குவாதம், காலையில் விரலே மடங்காது. அவர் பாத்திரம் தேய்க்கக் கூடாது என்றுதான் வாங்கினோம்.

பத்து நாளாகப் பாதிக் கழுவலில் நின்றுவிடுகிறது. தண்ணீர் வெளியேறவில்லை என்ற குறி வருகிறது. திறந்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர். இது போக, ஒரு மாதமாகக் கண்ணாடி டம்ளர், எவர்சில்வர் தட்டு எல்லாவற்றிலும் மாவு பூசினாற்போல வெள்ளைப் படலம்.

சர்வீஸுக்கு வந்தவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "போர்டு (மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் அட்டை) போயிடுச்சு, 14,000 ஆகும்" என்றார். ஃபில்டரை நான் வாராவாரம் கழுவுகிறேன். நேற்று நான் வேலை முடிந்து வருவதற்குள் அம்மா சிங்க் முன்னால் நின்று குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி

எங்க வீட்டுலயும் தண்ணி நின்னுச்சுங்க. சிங்க் அடைப்புக்குப் போடுற பவுடரைக் கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்.

கோவை, மெக்கானிக்

தயவுசெஞ்சு அந்தப் பவுடரைப் போடாதீங்க. அது காஸ்டிக். தண்ணி பட்டதும் கொதிக்கும், உள்ள இருக்குற பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கும். அப்புறம் பம்பைத் திறக்கக் கை விட்டா கையும் வெந்துடும்.

மேடம், முதல்ல ஒண்ணு. அந்தக் குறி "தண்ணி போகலை"ன்னு மட்டும்தான் சொல்லுது. ஏன் போகலைன்னு மெஷினுக்குத் தெரியாது. போர்டு, பம்ப், ஹோஸ், சிங்க் குழாய், எது கெட்டாலும் அதே குறிதான் வரும். போர்டு கடைசியாச் சந்தேகப்பட வேண்டியது. அதை முதல்ல சொன்னது எனக்குச் சரியாப் படலை.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. தண்ணி வெளியேத்துற நேரத்துல என்ன சத்தம் கேக்குது? வேஸ்ட் ஹோஸ் எங்க போய்ச் சேருது? சிங்க் குழாயிலிருந்து அதைக் கழட்டி, நுனியை ஒரு பக்கெட்டுல விட்டு, ஸ்டார்ட் பட்டனை மூணு நாலு செகண்ட் அழுத்திப் பிடிங்க. பெரும்பாலான மெஷின் அப்படிச் செஞ்சா கழுவலை ரத்து பண்ணி தண்ணியை வெளிய தள்ளப் பாக்கும். பக்கெட்டுல தண்ணி வேகமா விழுந்தா மெஷின் நல்லா இருக்கு, அடைப்பு உங்க சிங்க் குழாயில.

மேடவாக்கம்

செய்து பார்த்தேன் அண்ணா. பக்கெட்டில் ஒரு சொட்டுகூட விழவில்லை. "ம்ம்ம்" என்று ஒரு முனகல், பிறகு நின்றுவிடுகிறது.

கோவை, மெக்கானிக்

முனகல் கேட்டா நல்ல சேதி. பம்புக்குக் கரண்ட் வருது. அப்போ போர்டு தன் வேலையைச் செய்யுது. பம்ப் விசிறியில ஏதோ சிக்கியிருக்கு. சத்தமே இல்லைன்னாதான் வயர், பம்ப் காயில், போர்டுன்னு போகணும். மோட்டார் தாராளமா சுத்தியும் தண்ணி வரலைன்னா ஹோஸ் அடைப்பு.

பிளக்கைப் பிடுங்கிடுங்க, சுவிட்ச் ஆஃப் மட்டும் போதாது. கீழ்த் தட்டை எடுத்துட்டு, ஃபில்டரைக் கழட்டி, தேங்கின தண்ணியை டம்ளராலயும் ஸ்பாஞ்சாலயும் முழுசா எடுங்க. ஃபில்டர் உக்கார்ற குழிக்குள்ள ஒரு ஓரத்துல சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதுதான் பம்ப் மூடி. ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினா வரும். சில மாடல்ல ஒரு ஸ்க்ரூ இருக்கும். கண்டிப்பா கிளவுஸ் போடுங்க, உடைஞ்ச கண்ணாடி அங்கதான் போய்ச் சேரும்.

விசிறியை விரலால சுத்துங்க. காந்தப் பம்ப், அதனால தடுக்கித் தடுக்கித்தான் சுத்தும். அது கோளாறு இல்லை, பயப்படாதீங்க. ஒரு முழுச் சுத்து வருதான்னு மட்டும் பாருங்க.

மதுரை, வேதியியல் ஆசிரியர்

வெள்ளைப் படலத்தைத் தனியாகப் பாருங்கள் சகோதரி, அது வேறு கோளாறு. ஒரு டம்ளரை வினிகரில் பத்து நிமிஷம் ஊறவைத்துத் துடையுங்கள். பளிச்சென்று ஆனால் அது கால்சியம் படிவு. ஆகாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது, அது திரும்ப வராது.

உங்கள் மெஷினுக்குள் பிசின் மணிகள் நிறைந்த ஒரு அறை இருக்கிறது. தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தை அவை பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலை ஓடவிட்டு மெஷின் அவற்றைப் புதுப்பிக்கும். உப்புப் போடுகிறீர்களா? எந்த உப்பு? தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் உள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு, எத்தனை என்று செட் செய்திருக்கிறீர்கள்?

மேடவாக்கம்

முதலில் பம்ப். மூடியைத் திறந்தேன். ஒரு புளியங்கொட்டை, கறிவேப்பிலை ஈர்க்கு, இரண்டும் விசிறி இலைக்கு நடுவே! வாராவாரம் ஃபில்டரைக் கழற்றும்போது குழியில் விழுந்திருக்க வேண்டும். எடுத்துவிட்டு மூடியைத் திரும்பப் போட்டேன், "கிளிக்" என்று உட்கார்ந்தது. ஸ்டார்ட் பட்டனைப் பிடித்தேன், தண்ணீர் பக்கெட்டில் கொட்டியது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

இப்போது உப்பு. இரண்டு மாதம் முன்னால் டிஷ்வாஷர் உப்பு கிடைக்காமல் மளிகைக்கடைக் கல் உப்பைப் போட்டேன். செட்டிங்கைத் தொட்டதே இல்லை. எங்களுக்குப் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வருகிறது. டி.டி.எஸ். மீட்டரில் 900 காட்டுகிறது. அதையே செட் செய்யலாமா? ஒரு டம்ளர் வினிகரில் பளிச்சென்று ஆனது, இன்னொன்று ஆகவில்லை.

மதுரை, வேதியியல் ஆசிரியர்

செய்யாதீர்கள். டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் எல்லா உப்பும் சேர்ந்த அளவு. போர் தண்ணீரில் சாதாரண உப்பே நிறைய இருக்கலாம், அது படலம் போடாது. உங்களுக்கு வேண்டியது கடினத்தன்மை மட்டும். அலங்கார மீன் விற்கும் கடையில் 'ஜி.எச்.' (மொத்தக் கடினத்தன்மை) சொட்டுச் சோதனை பாட்டில் கிடைக்கும். 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும்வரை எண்ணுங்கள். பெரும்பாலான பாட்டில்களில் ஒரு சொட்டு ஒரு ஜெர்மன் டிகிரி. அதாவது, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். மெஷின் கையேடும் பெரும்பாலும் அதே ஜெர்மன் டிகிரியில்தான் அட்டவணை கொடுக்கும்.

கல் உப்பில் மண்ணும் மக்னீசியமும் இருக்கும். எதைப் பிடிப்பதற்காக அந்த அறை இருக்கிறதோ அதையே உள்ளே கொட்டியதுபோல் ஆகிவிட்டது. பாக்கெட் தூள் உப்பும் வேண்டாம், கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அடைத்துக்கொள்ளும். பழையதை முடிந்தவரை அள்ளி எடுத்துவிட்டு டிஷ்வாஷர் உப்பு போடுங்கள்.

மேடவாக்கம்

வேளச்சேரியில் பாட்டில் வாங்கினேன். 26 சொட்டு. கணக்குப் போட்டால் 463 வருகிறது. இது அதிகமா சார்? "எல்லாம் ஒன்றில்" என்று விற்கும் டிஷ்வாஷர் சோப்பு மாத்திரைதான் போடுகிறோம், உப்பே தேவையில்லை என்று அட்டையில் இருக்கிறது.

மதுரை, வேதியியல் ஆசிரியர்

குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில். அந்த மாத்திரைகள் 21 ஜெர்மன் டிகிரி வரைதான் தனியாகச் சமாளிக்கும் என்று பல கையேடுகளே சொல்கின்றன. 26க்கு உப்பு கட்டாயம். கோடையில் லாரித் தண்ணீர் கூடும்போது மறுபடி ஒருமுறை சொட்டு எண்ணிப் பாருங்கள்.

கோவை, மெக்கானிக்

உப்பு நிரப்பும்போது சிந்தினா உடனே ஒரு கழுவல் ஓட விடுங்க. சிந்தின உப்பு அப்படியே நின்னா எவர்சில்வரையே அரிச்சுடும். இனிமே ஃபில்டரைக் கழட்டுறதுக்கு முன்னால குழியைச் சுத்தித் துடைச்சிடுங்க. புளி கரைச்ச பாத்திரத்தை ஒரு தடவை குப்பைக்கூடையில தட்டிட்டு அடுக்குங்க.

மேடவாக்கம்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். உப்பு மாற்றி, 26க்கு உரிய எண்ணில் வைத்தேன். முதல் இரண்டு கழுவலில் மாற்றம் இல்லை. மூன்றாவதில் தட்டு தெளிந்தது. அரித்துப்போன டம்ளர் அப்படியேதான் இருக்கிறது. போர்டு வேண்டாம் என்று சர்வீஸுக்குச் சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி குக்கரை அம்மாவே உள்ளே வைத்து மூடினார்.

கோவை, மெக்கானிக்

ரொம்பச் சந்தோஷம் மேடம். ஹோஸைத் திரும்ப சிங்க் குழாயில மாட்டி கிளிப்பை இறுக்கிட்டீங்களா?

மேடவாக்கம்

இறுக்கிவிட்டேன் அண்ணா. அடியில் பேப்பர் போட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை.