ஹீலியொஸ் 44: கிட்டத்தில தெளிவு, தூரத்தில கலங்கல். எதைக் கழட்டுறது?

கேள்வி

செனித்-ஈ கமராவில ஹீலியொஸ் 44 (58 மி.மீ., எஃப் 2) பூட்டியிருக்கு. அஞ்சாறு மீற்றருக்குள்ள ஆக்களை எடுத்தால் முகம் வடிவா விழுது. நல்லூர்க் கோபுரத்தைத் தள்ளி நிண்டு எடுத்தால், போக்கஸ் றிங்கை முடிவிலிக் குறி மட்டும் திருப்பினாலும் சிலையெல்லாம் கரைஞ்சு கிடக்கு. துளையைச் சின்னனாக்கி எஃப் 11இல எடுத்தால் அதே கோபுரம் பரவாயில்லை. லென்ஸுக்குள்ள பின்பக்கம் வெள்ளையா நூல்நூலா ஏதோ படர்ந்திருக்கு. துளையை மூடுற பிளேடில எண்ணெய். போக்கஸ் றிங்கும் சரியான இறுக்கம். பூஞ்சணத்தாலதான் தூரம் கலங்குது எண்டு சொல்லினம். முழுக்கக் கழட்டிக் கழுவட்டோ?

பதில் 1

இப்ப கழட்டாதேங்கோ தம்பி. பூஞ்சணம், எண்ணெய்ப்படலம் ரெண்டும் படத்தை வெளிறப் பண்ணும். ஆனால் கிட்ட, தூரம் எண்டு பார்க்காமல் எல்லாத் தூரத்திலயும் ஒரேமாதிரித்தான் பண்ணும். கிட்டத்தில கூர்மையா விழுந்து தூரத்தில மட்டும் கலங்கினால் லென்ஸ் பிலிமுக்குக் கிட்டப் போதுமான அளவு போகேல்லை எண்டு அர்த்தம். எவ்வளவு குறையுது எண்டதை முதல்ல அளக்கவேணும். எங்க கை வைக்கிறது எண்டு அந்த எண்ணே சொல்லும்.

வியூபைண்டரும் பிலிமும் ஒத்துப் போகுதோ எண்டு பாருங்கோ. பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’யில (அமத்தி வைச்சிருக்கும் வரை திறந்து நிக்கிற நிலை) வைச்சு, கேபிள் றிலீஸால திறந்தபடி பிடியுங்கோ. 34 மி.மீ. அகலத்துக்கு வெட்டின மங்கல் கண்ணாடித் துண்டை, மங்கல் பக்கம் லென்ஸைப் பார்க்க, பிலிம் படியுற உள்பக்கத் தண்டவாளம் ரெண்டிலயும் படிய வையுங்கோ. அகலம் கூடினால் கண்ணாடி வெளித் தண்டவாளத்தில ஏறி நிக்கும், அளவு பிழைச்சுப் போகும். எஃப் 2இல வைச்சு, 300 மீற்றருக்கு அப்பால உள்ள போன் டவர் ஒண்டைப் பூதக்கண்ணாடியால பாருங்கோ. சூரியன் பக்கம் திருப்பக்கூடாது.

வியூபைண்டரில தெளிவா இருந்து கண்ணாடியில கலங்கினால் பிழை கமராவில, லென்ஸில இல்லை. ரெண்டிலயும் கலங்கினால் லென்ஸ். அப்ப றிங்கை முடிவிலியில விட்டிட்டு, கமராவை ஸ்டாண்டில நிறுத்தி, எத்தினை மீற்றரில உள்ள பொருள் ஆகக் கூர்மையா இருக்கு எண்டு பாருங்கோ. நேரா ஓடுற மதில் ஒண்டு இருந்தால் சுகம், நாடாவால அளந்துபோடலாம்.

அதோட, லென்ஸின்ர பின் மரையில தனி றிங் ஒண்டு சுத்தியிருக்கோ?

பதில் 2

உள்ளுக்குள்ள இருக்கிறதைப் பற்றி. எஃப் 2இல திறந்து வைச்சு, பின்பக்கத்தால ரோச் அடிச்சு, முன்பக்கத்தால சரிவாப் பாருங்கோ. கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சணம். வட்டம் முழுக்க ஒரேசீரா மங்கல் எண்டால் கிறீஸ் ஆவி படிஞ்சது, அது பெரும்பாலும் பிளேடுக்கு ரெண்டு பக்கமும் உள்ள கண்ணாடியிலதான் வரும். ஓரத்தில பிறை வடிவில வானவில் நிறம் தெரிஞ்சால் ஒட்டின கண்ணாடி பிரியுது. அதைக் கழுவி ஒண்டும் செய்யேலாது. இந்த லென்ஸில நாலு தொகுதியில ஆறு கண்ணாடி, பிளேடுக்கு இருபுறமும் நிக்கிற ரெண்டு தொகுதியும் ஒட்டினது. அதாலதான் எதையும் திரவத்தில ஊறப் போடாதேங்கோ எண்டு சொல்லுறது. அசிற்றோனும் கண்ணாடிக்குக் கிட்டப் போகக்கூடாது, ஓரத்துக் கறுப்புப் பெயின்ற் கரைஞ்சு உள்ள ஓடும்.

பூஞ்சணத்துக்கு: பார்மசியில கிடைக்கிற 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் வீட்டுப் பாவனை அமோனியாவும் சம அளவு, அப்பப்ப கலந்தது. பஞ்சுக்குச்சியில நனைச்சு நடுவில தொடங்கி வெளிப்பக்கம் சுத்தி, ஒரு நிமிசத்துக்குள்ள காய்ச்சி வடிச்ச தண்ணியால துடைச்சு, கடைசியா 99 வீத ஐசோபுறொப்பைல் அல்ககோல். ஒருக்கால் இழுத்த பஞ்சை மற்ற இழுவைக்குப் பாவிக்காதேங்கோ. அதுக்குப் பிறகும் தடம் தெரிஞ்சால் பூஞ்சணம் கண்ணாடிக்கு மேல உள்ள பூச்சைத் திண்டுபோட்டுது. தேய்க்கத் தேய்க்கக் கூடுமே தவிரப் போகாது, அப்பிடியே விடுங்கோ.

பிளேடு எண்ணெய்க்கு அவசரப்படவேண்டாம். ஹீலியொஸ் 44இல பிளேடைக் கையால மூடுறது, ஸ்பிறிங் இல்லை, அதால எண்ணெய் வேகத்தைக் கெடுக்காது. 44எம் மாதிரித் தானா மூடுற லென்ஸ் எண்டால் அது பெரிய பிழை. இதில அந்த எண்ணெயின்ர ஆவிதான் கண்ணாடியில போய்ப் படியும்.

கேட்டவர்

அளந்தன் அண்ணை. கண்ணாடியிலயும் வியூபைண்டரிலயும் ஒரேமாதிரித்தான் கலங்குது. முடிவிலியில வைச்சால் 13 மீற்றர் கிட்ட உள்ள மதில்தான் ஆகக் கூர்மை. பின் மரையில மெல்லிய றிங் ஒண்டு இருக்கு, கழுத்து (வெளியால நீட்டின விளிம்பு) ஒண்டும் இல்லை.

பதில் 1

அப்ப விசயம் விளங்கீட்டுது. 58ஐ 58ஆல பெருக்கினால் 3364. அதை 13,000 மி.மீற்றரால பிரியுங்கோ, 0.26 மி.மீ. வரும். உங்கட லென்ஸ் எம்39 மரை (39 மி.மீ. விட்டம்), கமரா எம்42 (42 மி.மீ.), அந்த றிங்தான் ரெண்டையும் பொருத்துது. பழைய செனித் எம்39க்கு மவுண்டிலயிருந்து பிலிம் மட்டும் 45.2 மி.மீ., எம்42க்கு 45.46. வித்தியாசம் அதே 0.26. லென்ஸ் அவ்வளவு வெளியால நிக்குது, வேற பழுது ஒண்டும் இல்லை. எஃப் 11இல பரவாயில்லை எண்டதுக்கும் இதுதான் காரணம்: அந்தத் துளையில 10 மீற்றரில போக்கஸ் பண்ணினாலே முடிவிலி மட்டும் கூர்மை எட்டும். எஃப் 2க்கு 56 மீற்றர் வேணும்.

1 மி.மீ. கழுத்து வைச்ச றிங் எண்டால் 2.7 மீற்றரோட நிண்டிருக்கும். போக்கஸ் மரையைப் பிழையான வாயில (மரை தொடங்குற இடத்தில) பூட்டியிருந்தால் பிழை மில்லிமீற்றர் கணக்கில வரும். பெட், சோர்க்கி எண்ட கமராக்களின்ர லென்ஸும் எம்39தான், ஆனால் அதுக்கு 28.8 மி.மீ., செனித்தில பூட்டினால் ஒரு சாணுக்கு அப்பால ஒண்டும் தெரியாது.

திருத்தம் இது. போக்கஸ் றிங்கைச் சுத்தி வழமையா மூண்டு சின்ன ஸ்குரூ இருக்கும். 1.2 மி.மீ. தட்டை வாய் டிறைவரால அரைச் சுத்து இளக்குங்கோ, கழட்டி எடுக்காதேங்கோ. இளக்க முதல் றிங்கை 5 மீற்றர் குறியில வையுங்கோ. இளக்கின பிறகு உள்மரை அசையாமல் றிங்கை மட்டும் கிட்டத்துப் பக்கம் தள்ளுங்கோ. முடிவிலிக்கும் 10 மீற்றருக்கும் இடையில உள்ள தூரத்தில முக்கால் பங்கு போதும். இறுக்கிப்போட்டு, முடிவிலிக்குத் திருப்பி, மங்கல் கண்ணாடியில அதே டவரைப் பாருங்கோ. ஸ்குரூவின்ர பழைய குழி றிங்கைத் திரும்ப இழுக்கப் பார்க்கும், மூண்டையும் மாறி மாறிக் கொஞ்சங் கொஞ்சமா இறுக்கவேணும்.

பதில் 3

றிங் இறுக்கத்தையும் சரிப்படுத்தப் போறீங்கள் எண்டால் அதை முதல்ல செய்யுங்கோ. முடிவிலி கடைசி வேலை, மரையைப் பிரிச்சால் அது எப்பிடியும் மாறும். மரை கழண்டு விலகுற அந்த இடத்தை ரெண்டு துண்டிலயும் ஊசியால கீறி அடையாளம் வைச்சிட்டுத்தான் பிரிக்கவேணும், கன வாய் உள்ள மரை. காய்ஞ்ச கிறீஸை லைற்றர் பெற்றோலால கழுவி, லென்ஸ் மரைக்கெண்டு விக்கிற கிறீஸைத் தீக்குச்சி நுனியளவு எடுத்து மரை முழுக்க மெல்லிசாப் பூசுங்கோ. சைக்கிள் கிறீஸ், வசிலின் ரெண்டும் எங்கட பங்குனி சித்திரை வெக்கைக்கு இளகிப் பிளேடுக்கு ஓடும்.

கேட்டவர்

றிங்கைத் தள்ளியும் உள்மரை அடியில முட்டி நிண்டால்? லென்ஸின்ர பின் விளிம்பை அரத்தால ராவலாமோ?

பதில் 1

அரம் வேண்டாம், விளிம்பு சரிஞ்சால் படத்தின்ர ஒரு பக்கம் கூர்மை, மற்றப் பக்கம் கலங்கல் எண்டு வரும். கண்ணாடித் தொகுதிகளைக் கழட்டி எடுத்திட்டு, வெறும் உடலை மட்டும் லேத்துக்குக் குடுத்து, கமராவில படியுற முகத்தில 0.26 மி.மீ. எடுக்கச் சொல்லுங்கோ. முதல் 0.2 எடுத்து, பூட்டிப் பார்த்து, மிச்சத்தை எடுக்கிறது நல்லது. கூட எடுத்தாலும் போக்கஸ் றிங்கால திருப்பிச் சரிப்படுத்தலாம். கண்ணாடியைத் திரும்பப் பூட்டேக்க பின் தொகுதி கடைசி மட்டும் இறுகிச்சுதோ எண்டு பாருங்கோ, கால் சுத்து மிஞ்சினாலும் கூர்மை கெடும்.

பதில் 2

வேலை முடிஞ்சால் மாரிக்கு முதல் காத்துப்புகாப் பெட்டியில சிலிக்கா ஜெல்லோட வையுங்கோ. உள்ள ஒரு ஈரப்பத மானி வைச்சு 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில பிடியுங்கோ. அரிசிக்குள்ள வைக்காதேங்கோ, மாத்தூள் மரைக்குள்ள போகும். தோல் உறையைக் கட்டாயம் பிறிம்பா வையுங்கோ, பூஞ்சணம் முதல்ல பிடிக்கிறது தோலிலதான்.