புதுப்பிப்பு: ரயில் தடைப்பட்ட நாள் குறித்த என் புகாருக்குப் பதில் கிடைத்தது

கோலாலம்பூரில் ரயில் பாதி வழியில் நின்றுவிட, மாற்றுப் பேருந்துக்காக என் தாயாருடன் முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்ததையும், அவருடைய மருத்துவச் சந்திப்பு தவறிப்போனதையும் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். ரயில் நிறுவனத்திடம் புகார் செய்தபோது முதலில் வந்த பதில், சிரமத்திற்கு வருந்துகிறோம் என்ற ஒற்றை வரிதான். உங்களில் சிலர் சொன்னபடி, ரயில் நின்ற நேரம், கட்டணம் செலுத்தப் பயன்படுத்திய டச் அண்ட் கோ என்ற மின்னட்டையின் பயணப் பதிவு, பேருந்து எங்கே நிற்கும் என்று ஒருவரும் அறிவிக்காதது ஆகியவற்றை விளக்கி மீண்டும் எழுதினேன். இம்முறை ஓர் அதிகாரியே தொலைபேசியில் அழைத்து, முதலில் அம்மாவின் உடல்நிலையை விசாரித்தார்; கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும், பேருந்து நிற்குமிடத்தில் பலகை வைப்பதாகவும் கூறினார். அந்த விசாரிப்பே என் மனத்தைப் பாதி ஆற்றியது.

இழப்பீடு கோர விரும்புவோர் கவனத்திற்கு: பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இன்றித் தாங்களே பதிவு செய்யலாம். நான் அங்குச் செல்லவில்லை. பலகை வைக்கப்பட்டதும் படத்தை இங்கே பதிவிடுகிறேன்.