ஆன்லைன் கேம்களில் திட்டித் தொல்லை கொடுக்கும் டாக்சிக் ஆட்களைக் கட்டுப்படுத்த உதவினால் பரிசு: உங்கள் அனுபவம் என்ன?

ஜங்கிள்வாசி:
லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமின் பழைய ட்ரிப்யூனலில், அதாவது புகார்களுக்கு ஆடுகிறவர்களே ஓட்டுப் போட்டுத் தீர்ப்பு சொல்லும் இடத்தில், பார்த்த ஒரு கேஸ் இன்னும் மனதை அரிக்கிறது. புகாருக்கு ஆளானவர் கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார், உண்மைதான். ஆனால் சாட் பதிவை மேலே தள்ளிப் பார்த்தால், அவர் டீமிலேயே ஒருவன் ஆரம்பத்திலிருந்து “கேமை அழிச்சிட்டுப் போ” என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். இவர் முதலில் போட்ட பதில், “சாரி, லேக் அடிக்குது.” நான் மன்னிப்பை அழுத்தினேன். தீர்ப்பு தண்டனை என்று வந்தது. பெரும்பான்மையோடு ஒத்துப்போனால்தான் ஐபி (கேமுக்குள் செலவழிக்கும் புள்ளிகள்) பரிசு என்று வைத்தால் யார் சாட் முழுவதையும் படிப்பார்கள்? அப்புறம் ஐபியை நிறுத்தினார்கள், 2014-இல் ட்ரிப்யூனலையே மூடிவிட்டார்கள்.

ஸ்மோக்மன்னன்:
பரிசின் மேல் பழி போடாதீர்கள் ஜங்கிள்வாசி. சிஎஸ்:கோ என்ற துப்பாக்கி கேமில், புகாருக்கு ஆளானவரின் ரீப்ளேயை ஆடுகிறவர்களே பார்த்துத் தீர்ப்பு சொல்லும் ‘ஓவர்வாட்ச்’ ஏற்பாட்டில், சரியான தீர்ப்புக்கு எக்ஸ்பி (அனுபவப் புள்ளிகள்) கொடுத்தார்களே! முடிவு தெரிந்த கேஸ்களையும் நடுவில் கலந்து வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவரின் ஓட்டுக்கு மதிப்பு இறங்கிவிடும். ஒரு ரீப்ளேயில் சஸ்பெக்ட் ரவுண்டு தொடங்கியதும் தன் டீம் ஸ்னைப்பரின் காலடியிலேயே மோலடோவ் (தீக்குண்டு) வீசினான், அவர் நகர்ந்தால் வாசலை மறித்து நின்றான். எட்டு ரவுண்டும் இதே வேலை. கடைசி ரவுண்டில் அந்த ஸ்னைப்பர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். கிரீஃபிங் (வேண்டுமென்றே சொந்த டீமைக் கெடுப்பது) என்று தீர்ப்பு எழுத எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை.

ஜங்கிள்வாசி:
அந்த ரீப்ளேயில் சாட்டும் வந்ததில்லை, வாய்ஸும் வந்ததில்லை. திட்டுகிறவனை எப்படிப் பிடித்திருப்பீர்கள்?

ஹீலர்அக்கா:
இரண்டு பேருமே தண்டனையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். ப்ளிஸார்டின் ஓவர்வாட்ச் கேமில் (அந்த சிஎஸ்:கோ ஏற்பாடு அல்ல, இது தனி கேம்) 2018-இல் எண்டார்ஸ்மெண்ட், அதாவது நன்றாக நடந்துகொண்டவருக்கு மற்றவர்கள் போடும் பாராட்டு, வந்த புதிது. நான் மைக்கில் பேசியதும் ஒருவன் என் குரலை வைத்துக் கேலி செய்தான். எங்கள் டேங்க் (முன்னால் நின்று அடி தாங்கி டீமைக் காப்பவர்) சொன்னார்: “அவங்க சொல்றது எனக்குக் கேக்கணும். நீ கொஞ்சம் வாயை மூடு.” மேட்ச் தோற்றோம், அவருக்குத்தான் எண்டார்ஸ்மெண்ட் போட்டேன். அப்போது எண்டார்ஸ்மெண்ட் லெவலைத் தக்கவைத்தால் லூட் பாக்ஸ் (கேமுக்குள் கிடைக்கும் பரிசுப் பெட்டி) வந்தது, தண்டனை வாங்கினால் லெவல் விழுந்தது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

புதிதாக ஆடுகிற தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். திட்டுகிறவனோடு வாதாடாதீர்கள், உடனே மியூட் பண்ணுங்கள். ரிப்போர்ட்டில் “மோசம்” என்று மட்டும் போடாமல், எந்த ரவுண்டில் என்ன சொன்னான் என்று எழுதுங்கள். முடிந்தால் கிளிப் எடுத்து வையுங்கள். உங்களுக்காகப் பேசியவர் யாராவது இருந்தால், மேட்ச் முடிந்ததும் வெளியேறுவதற்கு முன் அவருக்கு ஒரு எண்டார்ஸ்மெண்ட் போட்டுவிடுங்கள்.