மறு: பயிரின் ‘காட்டு உறவினர்’ – வேறு சொல் உண்டா?

> சோயாவோடு அதன் காட்டு உறவினரைக் கலந்து புது ரகம் எடுக்கிறார்கள்.

ஐயா, வணக்கம்.

உங்கள் வாக்கியத்தில் ‘காட்டு உறவினர்’ என்றதும் எனக்கு வேல்கம்போடு நிற்கும் சித்தப்பாதான் நினைவுக்கு வந்தார். மன்னிக்கவும். ஆனால் அந்தச் செடி, கிளைசின் சோஜா, காட்டுவாசியே இல்லை. சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் ஆற்றங்கரையிலும் வயலோரப் புதரிலும் படர்வது. கொங்குநாட்டுக்காரர்கள் படித்தால் இன்னும் குழப்பம், அவர்களுக்குக் காடு என்றால் மேட்டு நிலம்.

அடுத்து, எந்த உறவு? கிளைசின் சோஜாவுக்கும் பயிர்ச் சோயாவுக்கும் குரோமோசோம் 40தான். கலந்தால் விதை பிடிக்கும், பிறக்கும் செடியும் பெரும்பாலும் மலடாகாது. ஆஸ்திரேலியாவின் பல்லாண்டுச் சோயா இனங்கள் அப்படியல்ல. துரு நோயைத் தாங்கும் கிளைசின் டொமென்டெல்லாவைச் சேர்த்தால் பிஞ்சு பாதியில் உதிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் இளங்கருவை எடுத்துச் சோதனைக் குழாயில் வளர்த்தால்தான் உண்டு. 1971-ல் தாவர அறிஞர்கள் ஹார்லனும் டி வெட்டும் ஒரு பயிரையும் அதன் உறவுச் செடிகளையும் மூன்று மரபணுத் தொகுதிகளாகப் பிரித்தது இப்படிக் கலப்பின் எளிமையை வைத்துத்தான்.

நமக்குத்தான் சொல் தயாராக இருக்கிறதே! பெண் கொடுத்து எடுக்கலாம் என்றால் ‘முறை’, கூடாது என்றால் ‘பங்காளி’. ஆகவே முறைப்பயிர், பங்காளிப்பயிர். எப்படி?

– மொரீஷியஸ் ரோஸ்ஹில்லிலிருந்து

---

தம்பி,

சித்தப்பாவை ரசித்தேன். ‘முறை’ நன்றாக இருக்கிறது. ஆனால் ‘முறைப்பயிர்’ என்றால் விவசாயி முறை வைத்து மாற்றிப் போடும் பயிர் என்றுதான் நினைப்பான். அது பயிரும் இல்லையே, முறைச்செடி என்று வையுங்கள்.

பங்காளி ஒத்து வராது. பங்காளி ஒரே ரத்தம், நெருக்கம் என்பதால்தான் கல்யாணம் கிடையாது. ஆஸ்திரேலியச் செடியோ தூரம் என்பதால் சேரவில்லை. காரணமே தலைகீழ்.

அப்புறம், தானாக முளைக்கும் வகைக்கு வைக்கும் ‘பேய்’ என்ற பழைய முன்னொட்டை விட்டுவிட்டீர்கள். பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்க்கரும்பு. கோயம்புத்தூரில் ‘வெள்ளை’ என்ற கரும்போடு பேய்க்கரும்பைக் கலந்து எடுத்த கோ 205 என்ற ரகம் 1918-லேயே வயலுக்கு வந்தது. நம் மொரீஷியஸில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் நின்ற எம் 134/32 என்ற கரும்பு ரகத்தின் பெற்றோரில் ஒன்று ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878 ரகம். அதன் வம்சத்திலும் பேய்க்கரும்பு உண்டு. இந்தத் தீவில் கரும்பைத் தொடாத குடும்பம் ஏது? பேய் நமக்குப் புதிதல்ல.

– உங்கள் ஐயா

---

ஐயா,

பங்காளி விஷயத்தில் தோற்றேன். அதற்கு ‘தொலைவினம்’ போதும். செடியின் பெயர் பேய்ச்சோயா, வகைக்குப் பெயர் முறைச்செடி. சரிதானே?

போர்ட் லூயி சந்தையில் வாங்கிய சோயாவில் 100 மணியை எண்ணி நிறுத்தேன், 18 கிராம். பேய்ச்சோயாவில் 100 மணி 3 கிராமைத் தாண்டுவதே அபூர்வமாம், அதுவும் கறுப்பு. உங்கள் வாக்கியத்தை இப்படி மாற்றிப் பார்த்தேன், நாக்கு இடறுகிறதா என்று நீங்களே சொல்லுங்கள்:

“பேய்ச்சோயா, சோயாவின் முறைச்செடி. கலந்தால் நோயெதிர்ப்போடு கொடி ஓடுவதும் காய் வெடித்துச் சிதறுவதும் சேர்ந்தே வரும். அவற்றைக் களையப் பயிர்ச் சோயாவோடு பலமுறை பிற்கலப்பு செய்வார்கள்.”