தூண்டில்ல மண்புழு போட்டா வெறும் முள்ளு திரும்பி வருது, லூர் (பொம்மை இரை) போட்டா எதுவுமே தொடல. எதை வச்சு ஆரம்பிக்கிறது?

கரையோரம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தூண்டில் போட ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகுது, குளம் ஏரி மட்டும்தான், கடல் பக்கம் போகல. ஆறடி ராட், சின்ன ஸ்பின்னிங் ரீல், 8 பவுண்டு தாங்குற தூண்டில் நரம்பு. இரை விஷயத்துலதான் தலை சுத்துது. மண்புழு கோத்து போட்டா தக்கை படபடன்னு ஆடுது, தூக்கிப் பாத்தா முள்ளு மட்டும் பளபளன்னு வருது, போன வாரம் ஒரே காலைல பதினஞ்சு புழு இப்படியே போச்சு. சரி லூர் போட்டு பாப்போம்னு ஒரு பெட்டி வாங்குனேன், அதுல இருபது இருக்கு, தகடு சுத்துற ஸ்பின்னர், கரண்டி மாதிரி வளைஞ்ச ஸ்பூன், ரப்பர் மீன், ரப்பர் தவளை, மூஞ்சில பிளாஸ்டிக் நாக்கு வச்ச மீன் பொம்மைன்னு எல்லா கலர்லயும். பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வீசினேன், ஒண்ணையும் தொடல, ரெண்டு லூர் அடில கிடந்த கட்டைல மாட்டி அறுந்துபோச்சு.

தண்ணி கலங்கலா பச்சையா இருக்கும், ஓரத்துல பாசியும் அல்லி இலையும். கெண்டை, திலேப்பியா, கெளுத்தி, விரால் எல்லாம் இருக்குன்னு சொல்றாங்க. எந்த மீனுக்கு எதைப் போடணும்னு எப்படி முடிவு பண்றது? எட்டு வயசு பொண்ணு கூட வரா, புழுவை தொடவே மாட்டா, அவளுக்கும் ஒரு இரை சொல்லுங்க.

தக்கைவாசி பதில்:

வாங்க நண்பா. புழுவை மாத்தாதீங்க, முள்ளை மாத்துங்க. பதினஞ்சு புழு போச்சுன்னா இரை சரியா இருக்கு, மீனும் இருக்கு, முள்ளு மட்டும் அதுங்க வாய்க்குள்ள போகலன்னு அர்த்தம். நீங்க போடுறது என்ன நம்பர் முள்ளு? புதுசா வர்றவங்க நிறைய பேர் குழம்புறது இங்கதான், நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும், 12ம் நம்பர் 6ஐ விட சின்னது, 1 தாண்டினதும் 1/0, 2/0ன்னு திரும்ப பெருசாகிட்டே போகும். சின்ன கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும் 10 அல்லது 12 போடுங்க.

அப்புறம் புழு கோக்கிற விதம். முழு புழுவையும் நடுவுல ஒரே ஒரு குத்து குத்தி ரெண்டு பக்கமும் தொங்க விட்டா, சின்ன மீன் வால் நுனியைப் புடிச்சு இழுத்துக்கிட்டு போயிடும். புழுவை பாதியா கிள்ளுங்க, ஒரு முனைலேர்ந்து முள்ளு மேலயே சாக்ஸ் மாட்டுற மாதிரி ஏத்துங்க, வளைவு முழுக்க மூடணும், கடைசில அரை விரக்கடை மட்டும் நெளிய விடுங்க, முள்ளு நுனி லேசா வெளில தெரியலாம் தப்பில்ல. கை முதல்ல வழுக்கும், விரல்ல கொஞ்சம் காஞ்ச மண் தொட்டுக்கிட்டா புடிபடும்.

தக்கையையும் படிக்க கத்துக்கணும். படபடன்னு ஆடுனா பொடி மீன் கொத்துது, அப்போ இழுக்கக் கூடாது. தக்கை ஒரு பக்கமா சாஞ்சு நகர ஆரம்பிச்சா, இல்ல நேரா உள்ள போச்சுன்னா, மணிக்கட்டால ஒரு சுண்டு, அது போதும், ராட்டை தலைக்கு மேல வீச வேண்டாம். சில சமயம் நின்னுட்டிருந்த தக்கை திடீர்னு தண்ணி மேல படுத்துக்கும், அடில கிடந்த இரையை ஈயக்குண்டோட சேத்து மீன் தூக்கிருச்சுன்னு அர்த்தம், அதுவும் கடிதான், அப்பவும் சுண்டுங்க. எனக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆச்சு, தக்கை படுத்தா அடி தட்டிடுச்சுன்னு நெனச்சு எத்தனை மீனை விட்டிருக்கேன்.

பொண்ணுக்கு மாவு. கோதுமை மாவுல கொஞ்சமா தண்ணி விட்டு கைல ஒட்டாத அளவுக்கு கெட்டியா பிசைங்க, பிசையும்போது கொஞ்சம் பஞ்சை பிச்சு பிச்சு கலந்துட்டா வீசும்போது உதிராது. பட்டாணி அளவு உருட்டி முள்ளுல அப்புனா போதும், கெண்டைக்கு அருமையா வேலை செய்யும். வேகவெச்ச மக்காச்சோளம் இன்னும் சுலபம், முத்தை அவளே குத்திக்குவா. போடுற இடத்துலயே அதே மாவை கொஞ்சம் கொஞ்சமா தூவிட்டே இருங்க, கெண்டை கூட்டமா மேயும், அங்கேயே சுத்திட்டு இருக்கும். ஒரேயடியா அள்ளிக் கொட்டிராதீங்க, வயிறு நிறைஞ்சா முள்ளுல இருக்கிறதை எதுக்கு தொடப் போகுது.

கெளுத்தி வேணும்னா ஆட்டம் வேற. அது கண்ணை நம்பி தேடாது, மீசைலயும் உடம்பு தோல்லயும் ருசி தெரியும், கலங்கல் தண்ணிலயும் ராத்திரிலயும் இரையை கண்டுபுடிச்சிரும். முழு புழு ரெண்டு மூணு சேத்து கொத்தா கோத்து, இல்ல கோழி ஈரல் துண்டு, 4 இல்லன்னா 2ம் நம்பர் முள்ளு, தக்கை இல்லாம அடில கிடக்கணும், பொழுது சாஞ்ச பிறகு. புடிச்சா பாத்து, முதுகு துடுப்புலயும் பக்க துடுப்புலயும் முள்ளு இருக்கும், குத்துனா கடுப்பு லேசுல போகாது.

சுழல்தகடு பதில்:

அவர் சொன்னதை முதல்ல செய்ங்க. புழு, தக்கை வச்சு பத்து இருபது மீன் புடிச்சுட்டீங்கன்னா தண்ணில எங்க மீன் நிக்குதுன்னு கண்ணு பழகிடும், அதுக்கப்புறம் லூர் எடுத்தா நேரம் வீணாகாது. இன்னொண்ணு, கெண்டைக்கும் பெரும்பாலும் திலேப்பியாவுக்கும் லூர் சரிப்படாது, லூர்ங்கிறது அடுத்த மீனைத் துரத்தித் திங்கிற மீனுக்கு, உங்க லிஸ்ட்ல அது விரால்தான்.

பெட்டில இருபது இருக்கட்டும், ஒரே ஒரு ஸ்பின்னர் எடுங்க, மத்ததை வீட்லயே வச்சுட்டு போங்க, அப்போதான் மாத்தணும்னு கை அரிக்காது. முதல்ல வீசாதீங்க. காலடில, அடி தெரியுற தண்ணில, ஒரு முழம் நரம்பு விட்டு பக்கவாட்டுல இழுத்துப் பாருங்க. ரொம்ப மெதுவா இழுத்தா தகடு சுத்தாது, சும்மா தொங்கும், கொஞ்சம் வேகம் கூட்டினா சுத்த ஆரம்பிக்கும், அந்த அதிர்வு ராட் நுனில கைக்கு வரும். அந்த உணர்ச்சியை மனசுல வச்சுக்கங்க, தூரத்துல வீசி இழுக்கும்போதும் அதே துடிப்பு கைல இருக்கணும், நின்னுபோச்சுன்னா தகட்டுல பாசி சுத்திருக்கு, எடுத்து சுத்தம் பண்ணிட்டு திரும்ப வீசணும். ஸ்பின்னர் சுத்துற சுத்துல நரம்பும் முறுக்கிக்கும், அதனால லூருக்கு ஒன்றரை அடி முன்னாடி ஒரு சின்ன ஸ்விவல் (முறுக்கு ஏறாம தானா சுழல்ற வளையம்) கட்டிக்கங்க.

கலரைப் பத்தி யோசிக்கிற நேரத்துல பாதியை ஆழத்துக்கு குடுங்க. மீன் நிக்கிற மட்டத்துல லூர் போகலன்னா எந்த கலரும் உதவாது. ஸ்பூன் மாதிரி அமுங்குற லூரை வீசிட்டு மனசுக்குள்ள எண்ணுங்க, எட்டுல நரம்பு தளர்ந்து அடி தட்டுச்சுன்னா அடுத்த தடவை ஆறுலயே சுத்த ஆரம்பிங்க, கட்டைலயும் மாட்டாது. நீங்க நாக்குன்னு சொன்னது அந்த பொம்மையை ஆழத்துக்கு இறக்குறதுக்கு, நாக்கு நீளமா இருந்தா ஆழமா போகும், குட்டையா இருந்தா மேலாப்புல போகும், ரெண்டு லூர் போனது அதனாலதான்னு நெனைக்கிறேன்.

கலர் கேட்டா என் வழக்கம் இதுதான், தெளிஞ்ச தண்ணிக்கு வெள்ளி, இல்ல நிஜ மீன் மாதிரி நிறம், கலங்கல் தண்ணிக்கு ஒண்ணு கருப்பு, இல்ல பளிச்சுன்னு மஞ்சள் பச்சை. கருப்பு ஏன்னா கீழேர்ந்து மேல பாக்கிற மீனுக்கு வானத்துக்கு எதிர்ல அது நல்லா தெரியும். சிவப்பு கடைல பாக்க அழகா இருக்கும், ஆனா தெளிஞ்ச தண்ணில ஆழம் போகப் போக முதல்ல மங்குற நிறம் அதுதான். உங்க பச்சை தண்ணில மீன் கண்ணை விட, உடம்பு ஓரமா ஓடுற, அசைவை உணர்ற பக்கவாட்டு கோட்டால அதிர்வை வச்சுதான் அதிகம் கண்டுபுடிக்கும், அதான் தகடு சுத்துற லூரா சொன்னேன்.

பாசியோரம் பதில்:

அல்லி இலை இருக்குன்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல. அங்க ஸ்பின்னர் எடுத்துட்டு போகாதீங்க, ஒவ்வொரு வீச்சுக்கும் பாசிதான் வரும். அந்த ரப்பர் தவளைதான் அந்த இடத்துக்கு, முள்ளு ரெண்டும் மேல்பக்கமா உடம்போட ஒட்டி இருக்கிறதால இலை மேல ஏறி இறங்கி வந்துடும். இலை மேல போடுங்க, ரெண்டு செகண்ட் சும்மா விடுங்க, மெதுவா இழுத்து இலைக்கு நடுவுல இருக்கிற ஓட்டைல இறக்கி நிறுத்துங்க. விரால் காத்து குடிக்க மேல வரும், அந்த இடத்துல தண்ணி குமிழும், அதைத் தாண்டி போட்டு அந்த வழியா கொண்டு வாங்க.

டமார்னு அடிக்கும், அந்த சத்தத்துல கை தானா இழுத்துரும், இழுத்தீங்கன்னா தவளை மட்டும் பறந்து வரும். அடிச்சதும் ஒரு மூச்சு பொறுங்க, நரம்பு இறுகுதான்னு பாருங்க, அப்புறம் பலமா இழுங்க. 8 பவுண்டு நரம்பு பாசிக்குள்ள தாங்காது, தவளைக்கு 30 பவுண்டு பின்னல் நரம்பும் கொஞ்சம் விறைப்பான ராட்டும் வேணும், அது வர்ற வரைக்கும் பொறுங்க, வாய்ல லூரோட மீன் அறுத்துக்கிட்டு போறது பாவம்.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேக்கிறேன். தண்ணி மேல செம்மஞ்சளா பொடிக்குஞ்சுங்க பந்து மாதிரி சுத்திட்டு இருந்தா அங்க போடாதீங்க, தாயும் தகப்பனும் கீழ காவல் நிக்கும், தவளையை பசில அடிக்காது, குஞ்சைக் காப்பாத்த அடிக்கும், அதைப் புடிச்சா அந்த கூட்டத்தை மத்த மீன் தின்னு தீத்துடும்.

கரையோரம் பதில்:

அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முள்ளு பாக்கெட்டை இப்பதான் எடுத்துப் பாத்தேன், 2ன்னு போட்டிருக்கு!! சின்ன நம்பர்னா சின்ன முள்ளுன்னு நெனச்சு வாங்கினது. நாளைக்கே 12 வாங்கிடுறேன். பொண்ணு பக்கத்துல நிக்கும்போது வேற என்ன பாக்கணும்? மிச்ச புழுவை தண்ணிலயே விட்டுட்டு வரலாமா?

தக்கைவாசி பதில்:

2ஐ தூக்கிப் போட்டுராதீங்க, கெளுத்திக்கு ஆகும். புழுவை தண்ணில விடாதீங்க, கரைலயும் கொட்டாதீங்க, வீட்டுக்கு கொண்டு போங்க, ஈர மண்ணுல நிழல்ல வச்சா அடுத்த வாரத்துக்கு ஆகும். உயிர் மீனை இரையா கொண்டு போனா மிச்சத்தை வேற குளத்துல விடவே கூடாது, வெளி மீன் புகுந்து குளமே மாறிப்போன கதை நிறைய இருக்கு. பிஞ்சுபோன ரப்பர் லூரும் அதே மாதிரிதான், மீன் முழுங்கிரும், பாக்கெட்ல போட்டுக்கங்க.

பொண்ணுக்கு தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், நீங்க வீசும்போது அவ பின்னாடி நிக்கவே கூடாது. அவ முள்ளோட நுனிக்குப் பின்னால எதிர்ப்பக்கமா ஒரு சின்ன கூர் இருக்கு பாருங்க, அதை குறடால அமுக்கி மடக்கிடுங்க. கைல குத்துனாலும் சுலபமா வந்துடும், சின்ன மீனை அவளே காயம் இல்லாம கழட்டி விடலாம், மீனைத் தொடுறதுக்கு முன்னாடி கையை தண்ணில நனைச்சுக்க சொல்லுங்க, அப்போதான் உடம்புல இருக்கிற வழுவழுப்பு போகாது. நரம்பு மட்டும் தளராம வச்சுக்கணும், தளர்ந்தா மீன் கழண்டுடும். 12ம் நம்பர் மாட்டி போட்டுட்டு எத்தனை வந்துச்சுன்னு இங்கயே எழுதுங்க.