கத்தரியை நிறுத்தலாமா, வெட்டி விழுந்ததைப் பிடித்தால் போதுமா?

திருமங்கலத்தான்:
அம்மாவுக்கு முடக்குவாதம். விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போனால் முதல் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. மொட்டைப் பிடிப்பார், காம்பைக் கிள்ள வராது. டாக்டர், வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்து பற்றிப் பேசினார், அதற்கு முன் காசநோய்ச் சோதனை வேண்டுமாம். அந்த டி.என்.எஃப். முதலில் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்லின் சவ்வில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆடம்17 என்ற சவ்வு நொதி கத்தரிபோல வெட்டிவிட்டால்தான் வெளியே கலந்து வீக்கத்தைப் பரப்பும். 1997-லேயே கண்டுபிடித்த நொதி. இப்போதுள்ள ஊசி சவ்வில் இருப்பதையும் சேர்த்துப் பிடிக்கிறது. கத்தரியை நிறுத்தினால் சவ்வில் உள்ளதாவது கிருமிகளுக்கு எதிரான காவலுக்கு மிஞ்சும் அல்லவா?

நாகமலை மாணவி:
அண்ணே, அந்தக் கத்தரி டி.என்.எஃப்.-ஐ மட்டுமா வெட்டுகிறது? எண்பதுக்கும் மேற்பட்ட புரதங்களைச் சொல்கிறார்கள். தோலும் குடலும் புண் ஆற வேண்டிய வளர்ச்சிக் காரணிகளை விடுவிப்பதும் அதுதான். அந்த நொதி வேலை செய்யாத எலிக்குட்டிகள் பெரும்பாலும் பிறந்த கையோடு இறந்துவிட்டன. 2011-ல், அது இல்லாமலே பிறந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தோலிலும் குடலிலும் ஓயாத அழற்சி. வீக்கத்தைக் குறைக்கப் போய் வீக்கத்தையே வாங்குவோம்.

திருமங்கலத்தான்:
சரி, உடம்பு முழுக்க வேண்டாம். நோயெதிர்ப்பு செல்களில் ஆடம்17-ஐச் சவ்வுக்குக் கொண்டுசேர்ப்பது ஐரோம்2 என்ற துணைப் புரதம். அது இல்லாத எலிகள் நன்றாகவே வளர்கின்றன. மற்ற இடங்களில் ஐரோம்1 பார்த்துக்கொள்கிறது. சாகடிக்கும் அளவு பாக்டீரிய நச்சைச் செலுத்தியும் ஐரோம்2 இல்லாத எலிகள் பிழைத்தன, 2012 ஆய்வு. அங்கே கை வைக்கலாமே?

நாகமலை மாணவி:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள். அந்த எலிகளுக்கு லிஸ்டீரியா கிருமியைக் கொடுத்தபோது அது பெருகுவதைத் தடுக்க முடியவில்லை. கிருமி நுழைந்த முதல் மணி நேரங்களில் நமக்கு இருப்பது பிறவியிலேயே உள்ள இயல்பு எதிர்ப்பு ஒன்றுதான். அதன் கையைக் கட்டுவதா?

மேலூர் மருந்தாளுநர்:
தம்பி, வாதம் இருக்கட்டும். காசநோய்ச் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். நுரையீரலில் அடங்கிக் கிடக்கும் கிருமியைச் சுற்றி செல்கள் கட்டும் அரண் டி.என்.எஃப். இருந்தால்தான் நிற்கும்.

திருமங்கலத்தான்:
திங்கட்கிழமை எடுக்கிறோம் அண்ணே. ஆனால் தங்கச்சி, ஐரோம்2-ஐ முழுசாக அழிப்பது வேறு, மருந்தால் பாதியாகக் குறைப்பது வேறு. அதில் நான் விடுவதாக இல்லை.