கோத்தகிரி ஈரத்தில் பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லிக்குக் கீழே என்ன போடுவது?

தேயிலைமேடு:
ஐந்து மாதக் குட்டி, மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. (அம்மாவுக்கு அது இன்னும் ஓணான்தான்.) விற்றவர் கால்சியம் மணல் ஒரு பை கொடுத்து, தின்றாலும் கரைந்துவிடும் என்றார். புழுவைக் கவ்வும்போது மணலும் சேர்ந்து உள்ளே போகிறது, மூன்று நாளாக மலம் போகவில்லை. நர்சரியில் காயர் பித் (தேங்காய் நார்த்தூள்) கிடைக்கும், அதற்கு மாற்றலாமா? ஜூலையில் எங்கள் வீட்டில் துணியே காயாது, அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

கொடைக்காரன்:
மணலை இன்றைக்கே அள்ளிவிடுங்கள். ஈரம் பட்டால் அது கட்டியாகும், குடலை அடைக்கும். இப்போதைக்குச் செய்தித்தாள் போதும், மலம் போனதா, எப்படிப் போனது என்பதும் அதில்தான் தெரியும். குட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் தோள் மூழ்காத அளவு பத்து நிமிடம் விட்டு, கூடவே இருந்து பாருங்கள். சாப்பிடாமல் பின்னங்காலை இழுத்தால் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் போங்கள்.

காயர் பித் நம் மலைக்கு வேண்டவே வேண்டாம். இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பிராணி, தொட்டிக்குள் ஈரப்பதம் 30–40 சதவீதம் இருந்தால் போதும், பித்தோ ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் மூச்சுத் தொல்லைதான்.

குன்னூர் அக்கா:
நான் போட்டிருப்பது சமையல் மேடையில் மிஞ்சிய கடப்பா கல், பாலிஷ் இல்லாத பக்கம் மேலே. விளக்கடியில் நன்றாகச் சூடு பிடிக்கும், நகமும் தேயும். ஆனால் இரவில் கல் பனிக்கட்டி மாதிரி ஆகிவிடும் தம்பி, அதனால் விளக்கடியில் மட்டும் கல், மற்ற இடமெல்லாம் தாள், தொட்டிக்கு அடியில் தெர்மாகோல். கல்லின் மேல் 38 முதல் 42 டிகிரி வர வேண்டும். சூடு போதாவிட்டால் தாள் மேல் வளர்த்தாலும் செரிக்காது, எல்லாப் பழியையும் மணல் மேல் போடாதீர்கள்.

தேயிலைமேடு:
பக்கத்து மர டிப்போவில் பைன் மரத்தூள் சும்மா தருகிறார்களே?

கொடைக்காரன்:
சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அந்த வாசனை எண்ணெயும் தூசும் நுரையீரலுக்கு ஆகாது.

தேயிலைமேடு:
சரி, தாள் விரித்தாயிற்று. அக்கா சொன்னபடி அளந்து பார்த்தேன், விளக்கடியிலேயே 31தான்!

குன்னூர் அக்கா:
அப்போ முதலில் பல்பை மாற்றுங்கள். கல் அப்புறம் வாங்கலாம்.